நல்ல கொத்தனார் தானாகவே நல்ல சூப்பர்வைசர் ஆகிவிடுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கட்டடப் பணி தாமதம், சாரம் சரிந்து விபத்து, குடிபுகுந்த சில மாதங்களிலேயே ஒழுகும் கூரை என்று செய்தி வரும்போதெல்லாம் பொருளின் தரமும் ஒப்பந்ததாரரின் பேராசையும் ஆள் பற்றாக்குறையும் பேசப்படுகின்றன. காலை முதல் மாலை வரை சைட்டில் நின்று வேலை வாங்கும் சூப்பர்வைசருக்கு யார், எதைக் கற்றுக்கொடுத்தார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. வரைபடத்தில் கோடாக இருப்பது கம்பியாகவும் கான்கிரீட்டாகவும் மாறுவது அவர் கண்ணெதிரில்தான். அந்தப் பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்பதை, அதை நடத்துபவர்கள் என்ற முறையில் எழுதுகிறோம்.

சூப்பர்வைசர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் வருகிறார்கள். கைவேலையில் கெட்டிக்காரரான கொத்தனாரோ தச்சரோ கம்பி கட்டுபவரோ பதவி உயர்வு பெறுகிறார். அல்லது டிப்ளமோ முடித்த இளைஞர் நேரடியாக நியமிக்கப்படுகிறார். முன்னவர் பூச்சு கோணலாக இருப்பதைப் பார்த்ததும் கரண்டியைத் தானே வாங்கிச் சரிசெய்கிறார். அந்த இரண்டு மணி நேரத்தில் மற்ற மூன்று குழுக்களைப் பார்க்க ஆளில்லை. பின்னவருக்கு வரைபடம் படிக்கத் தெரியும். இருபது வருட அனுபவமுள்ள மேஸ்திரியிடம் "இதைப் பிரித்துக் கட்டுங்கள்" என்று சொல்லத்தான் தெரியாது. மேலே தகவல் சொல்லிவிட்டுக் காத்திருப்பார். பதில் வருவதற்குள் கான்கிரீட் மூடிவிடும். இரண்டு பேரிடமும் குறைவது தொழிலறிவு அல்ல. அடுத்தவர்களைக் கொண்டு வேலையை முடிக்கும் திறன்தான் குறைகிறது. அது பிறவிக் குணம் என்ற நம்பிக்கை நம் துறையில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அது தவறு. பகுதி பகுதியாகப் பிரித்துக் கற்பிக்கக்கூடிய திறன் அது.

இதற்கான முன்மாதிரி புதிதல்ல. 1940-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட தொழிலகப் பயிற்சித் திட்டம், போர்க்காலத்தில் அனுபவமற்ற தொழிலாளர்களால் தொழிற்சாலைகள் நிரம்பியபோது மேற்பார்வையாளர்களைத்தான் முதலில் பயிற்றுவித்தது. பத்துப் பேர் கொண்ட குழு, ஒரு பாடத்துக்கு இரண்டு மணி நேர அமர்வுகள் ஐந்து, அதாவது பத்து மணி நேரம். வேலையைக் கற்பிப்பது, ஆட்களோடு பழகுவது, வேலைமுறையை மேம்படுத்துவது என மூன்று பாடங்கள். ஒவ்வொன்றும் நான்கே படிகள். சொற்பொழிவு கிடையாது, பயிற்சிக்கு வந்தவர் தன் சொந்த வேலையையே கொண்டுவந்து மற்றவர்கள் முன் செய்துகாட்ட வேண்டும். இன்று குளிரூட்டிய அரங்கில் இரண்டு நாள் நடக்கும் "தலைமைப்பண்பு" வகுப்புகளைவிட அந்தப் பத்து மணி நேரம் கட்டுமானத்துக்குப் பன்மடங்கு பொருத்தமானது.

வேலையைக் கற்பிக்கும் நான்கு படிகளைப் பாருங்கள். கற்பவரைத் தயார்படுத்துதல், செய்து காட்டி, முக்கியமான இடங்களையும் அதற்கான காரணத்தையும் சொல்லுதல், அவரையே செய்யவைத்து, செய்துகொண்டே விளக்கச் சொல்லுதல், பின்னர் தனியாக விட்டு, அடிக்கடி வந்து பார்த்தல். சைட்டில் நடப்பது என்ன? "கம்பி மேலே இருக்கணும், பார்த்துக்கோ" என்று ஒரு வரி. பால்கனித் தளத்தை எடுத்துக்கொள்வோம். சுவரிலிருந்து வெளியே நீளும் அந்தத் தளத்தில் இழுவிசை மேற்பரப்பில் வருகிறது. அதனால் முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும். 150 மி.மீ. தடிமனுள்ள தளத்தில் அடிப்பரப்பிலிருந்து கம்பியின் மையம் வரை 125 மி.மீ. இருப்பதாகக் கொள்ளுங்கள். கான்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்து அது 40 மி.மீ. இறங்கினால் மிஞ்சுவது 85 மி.மீ. தளத்தின் வளைவு தாங்கும் திறன் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போய்விட்டது. கம்பியும் சரி, கான்கிரீட்டும் சரி, வரைபடமும் சரி. ஆனாலும் பால்கனி தொங்கும்.

இந்தக் காரணத்தைத் தெரிந்துகொண்ட கம்பி கட்டுபவர், மேல்கம்பியைத் தாங்கும் சேர் கம்பிகளை எண்ணிக் குறைக்க மாட்டார். நடப்பதற்குப் பலகை கேட்பார். கான்கிரீட் போடும்போது ஒருவர் கம்பியைத் தூக்கிவிட நிற்க வேண்டும் என்று அவரே சொல்வார். காரணம் தெரியாதவர் சொன்னபடி ஒரு நாள் செய்வார். சூப்பர்வைசர் அந்தப் பக்கம் போனதும் விட்டுவிடுவார். எனவே பயிற்சியின் முதல் வீட்டுப்பாடம் இதுதான்: உங்கள் சைட்டில் அடிக்கடி தவறிப்போகும் ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள், அதை ஐந்து அல்லது ஆறு படிகளாகப் பிரியுங்கள், ஒவ்வொரு படியிலும் எது முக்கியம், ஏன் முக்கியம் என்று அரைப்பக்கத்தில் எழுதுங்கள். எழுத உட்கார்ந்ததும்தான் பலருக்கு "ஏன்" என்ற இடத்தில் பேனா நிற்கிறது. தனக்கே தெரியாத காரணத்தை அடுத்தவருக்குச் சொல்ல முடியாது. பயிற்சி தொடங்க வேண்டிய இடம் அந்தத் தயக்கமே.

மொழி வேறுபட்ட தொழிலாளர்கள் உள்ள சைட்டில் இந்த மூன்றாம் படி, அதாவது செய்யவைத்துப் பார்ப்பது, இன்னும் முக்கியம். "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "எத்தனை மி.மீ. கவர் பிளாக் வைக்கப் போகிறீர்கள், எங்கே? காட்டுங்கள்" என்று (கம்பிக்கும் பலகைக்கும் இடைவெளி விடும் சிறு கட்டையைப் பற்றி) கேட்டால்தான் உண்மை தெரியும்.

இனித் திட்டமிடல். பயிற்சியின் பாதி நேரத்தையாவது இதற்குத் தர வேண்டும் என்று நாங்கள் கருதுகிறோம். அலுவலகத்துச் சுவரில் கால அட்டவணை தொங்கும். அதை வரைந்தவர் சைட்டுக்கு மாதம் ஒருமுறை வருவார். மாதக் கணக்கில் வரையப்பட்ட அந்தப் பட்டைகளால் நாளை காலை எந்தக் குழு எந்த அறையில் நிற்கும் என்பதைச் சொல்ல முடியாது. அதைத் தீர்மானிப்பவர் சூப்பர்வைசர். கட்டுமானத் துறையில் "கடைசித் திட்டமிடுபவர்" முறை என்று அறியப்படும் முறையை கட்டுமான மேலாண்மை ஆய்வாளர்களான கிளென் பல்லார்டும் கிரெக் ஹோவலும் 1990-களில் உருவாக்கியது இந்த இடைவெளியைப் பார்த்துத்தான். வாரத் தொடக்கத்தில் செய்வதாகச் சொன்ன வேலைகளில் எத்தனை சொன்னபடி முடிந்தன என்று அவர்கள் அளந்தபோது கிடைத்த சராசரி பாதிக்குச் சற்றே மேல். நல்ல நிறுவனங்களிலும் அதே கதைதான்.

காரணம் சோம்பல் அல்ல. ஒரு வேலை தொடங்க ஏழு விஷயங்கள் ஒன்றாகக் கூடிவர வேண்டும்: உறுதியான வரைபடமும் தகவலும், பொருள், ஆள், கருவி, இடம், முந்தைய வேலை முடிந்திருத்தல், வெளிச் சூழல் (வானிலை, அனுமதி போன்றவை). ஒவ்வொன்றும் தயாராக இருக்க 95 சதவீத வாய்ப்பு உண்டு என்று வைத்துக்கொண்டாலும், ஏழும் ஒரே காலையில் தயாராக இருக்கும் வாய்ப்பு சுமார் 70 சதவீதம்தான். 0.95-ஐ ஏழு முறை பெருக்கிப் பாருங்கள். "எல்லாம் கிட்டத்தட்ட ரெடி" என்று சொல்லப்படும் சைட்டில் பத்துக்கு மூன்று வேலைகள் ஏன் தொடங்குவதில்லை என்பதற்கு இந்தக் கணக்கே பதில். சூப்பர்வைசர் இதைத் தன் கையால் போட்டுப் பார்த்துவிட்டால், ஆட்களைத் திட்டுவதை விட்டுவிட்டுத் தடைகளைத் தேடத் தொடங்குவார்.

எனவே அடுத்த ஆறு வாரங்களின் வேலைகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இந்த ஏழு கட்டங்களைப் போட வேண்டும். காலியான கட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் ஒரு தேதியும் வேண்டும். "அலுவலகம் பார்க்கும்" என்று எழுதினால் யாரும் பார்க்க மாட்டார்கள். ஏழும் நிரம்பாத வேலையை அடுத்த வாரப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. இந்த விதியைக் காப்பது எளிதல்ல. "தொடங்கி வைப்போம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற அழுத்தம் மேலிருந்து வந்துகொண்டே இருக்கும். அரைகுறையாகத் தொடங்கிய வேலை ஆளையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். முடிவு மட்டும் கண்ணில் படாது.

நடைமுறையில் ஒரு கூரைத் தளத்தைப் பார்ப்போம். 15 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 150 மி.மீ. தடிமன். கன அளவு 22.5 கன மீட்டர். 6 கன மீட்டர் கான்கிரீட் வண்டி என்றால் நான்கு வண்டிகள். கடைசி வண்டியில் கையிருப்பு ஒன்றரை கன மீட்டர்தான் என்பதால், சேதாரத்துக்கும் சென்ட்ரிங் தொய்வுக்கும் இடம் குறைவு என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். கன மீட்டருக்கு 2,500 கிலோ வீதம் முட்டுகளின் மேல் ஏறப்போவது 56 டன். முட்டு நிற்கும் தரை மண்ணா, பழைய தளமா? பலகை வைத்திருக்கிறதா? குறுக்குக் கட்டுகள் உண்டா? மின் குழாய்களும் கழிவுநீர்க் குழாய் போகும் ஓட்டைகளும் பதிந்துவிட்டனவா? இதை மறந்தால் அடுத்த மாதம் துளைப்பான் வந்து கம்பியையும் சேர்த்து வெட்டும். கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் உதிரியாக ஒன்று இருக்கிறதா, ஓடுகிறதா? இரண்டாம் வண்டிக்கும் மூன்றாம் வண்டிக்கும் இடையில் நீண்ட இடைவெளி விழுந்தால் முதலில் போட்டது இறுகத் தொடங்கி, இணையாத மூட்டு உருவாகும். ஒழுகல் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் வரும். இடைவெளி விழுந்தால் எந்த இடத்தில் நிறுத்துவது என்பதைப் பொறியாளரிடம் முதல் நாளே கேட்டுக் குறித்துவைப்பதும் திட்டமிடலே.

வண்டி வந்து நின்றதும் கான்கிரீட் கெட்டியாக இருக்கிறது என்று தண்ணீர் ஊற்றச் சொல்வார்கள். கன மீட்டருக்கு 340 கிலோ சிமென்ட், 170 லிட்டர் தண்ணீர் என்றால் தண்ணீருக்கும் சிமென்ட்டுக்கும் உள்ள விகிதம் 0.50. கூடுதலாக 20 லிட்டர் ஊற்றினால் 0.56 ஆகிவிடும், வலிமை குறையும், நுண்துளை கூடும், நீர் கசியும். "வேண்டாம்" என்று சொல்லும் துணிவு மட்டும் இங்கே போதாது. வேறு என்ன செய்வது என்ற பதிலும் கையில் இருக்க வேண்டும்: ஸ்லம்ப் (கான்கிரீட் எவ்வளவு இளக்கமாக இருக்கிறது என்ற அளவு) பார்ப்பது, உற்பத்தி நிலையத்தின் ஒப்புதலோடு, தண்ணீர் கூட்டாமல் இளக்கம் தரும் நெகிழ்வூட்டி சேர்ப்பது, நேரம் கடந்திருந்தால் வண்டியைத் திருப்பி அனுப்புவது. திருப்பி அனுப்பும் அதிகாரம் தனக்கு உண்டா என்பது சூப்பர்வைசருக்கு எழுத்தில் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் தண்ணீர்தான் ஊற்றப்படும்.

வாரக் கடைசியில் கணக்குப் பார்ப்பது மிகவும் எளிது. சொன்ன வேலைகள் 20, முடிந்தவை 13 என்றால் 65 சதவீதம். "தொண்ணூறு சதம் முடிந்தது" என்பதற்குப் பூஜ்யம்தான். அடுத்த குழு உள்ளே நுழைய முடியாதென்றால் அது முடியவில்லை. முடியாத ஏழுக்கும் காரணம் எழுத வேண்டும். எட்டு வாரக் காரணங்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்றோ இரண்டோ மீண்டும் மீண்டும் தலைகாட்டும்: வரைபட விளக்கம் தாமதம், முந்தைய குழு இடத்தைக் காலி செய்யாதது, அப்படி. அதைச் சரிசெய்வதே மேலாண்மை. இந்தச் சதவீதத்தை ஆளைத் தண்டிக்கப் பயன்படுத்தும் நிறுவனங்களும் உண்டு. அங்கே இரண்டே வாரத்தில் சூப்பர்வைசர்கள் சின்னச் சின்ன வேலைகளாகச் சொல்லி 95 சதவீதம் காட்டப் பழகிவிடுவார்கள், கட்டடம் நகராது.

உற்பத்திக் கணக்கையும் இதே எளிமையோடு கற்பிக்கலாம். 180 சதுர மீட்டர் பூச்சு வேலை. குழு ஒரு நாளைக்கு 36 சதுர மீட்டர் என்ற கணக்கில் ஐந்து நாள். இரண்டாம் நாள் மாலை அளந்தால் 72 இருக்க வேண்டிய இடத்தில் 50 இருக்கிறது. இதே வேகத்தில் போனால் மீதி 130-க்கு இன்னும் ஐந்து நாளுக்கு மேல், ஆக மொத்தம் ஏழைத் தாண்டும். சூப்பர்வைசருக்கு இது இரண்டாம் நாள் மாலையே தெரிய வேண்டும். ஐந்தாம் நாள் தெரிந்து பயனில்லை. தெரிந்ததும் ஆள் சேர்ப்பது பலருக்கும் தோன்றும் முதல் யோசனை, பெரும்பாலும் தவறான யோசனை. கலவை தாமதமாக வருகிறதா, சாரம் மாற்ற ஆளில்லையா, சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக இல்லாமல் பூச்சு தடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். காரணம் கலவையில் இருக்கும்போது இரண்டு கொத்தனார்களைச் சேர்த்தால் காத்திருப்பவர்கள் எண்ணிக்கைதான் இரண்டு கூடும்.

ஆட்களோடு பழகுவதற்கும் படிகள் உண்டு: விவரம் திரட்டு, எடைபோட்டு முடிவெடு, செய், பலனைப் பார். நான்கு நாளாகத் தாமதமாக வரும் தொழிலாளியை எல்லோர் முன்னும் திட்டுவது இவற்றில் முதலிரண்டையும் தாண்டிக் குதிப்பது. தவறைத் தனியே சொல்வது, நல்ல வேலையைப் பெயர் சொல்லிப் பாராட்டுவது, மாற்றம் வருவதை முன்கூட்டிச் சொல்வது ஆகியவை பயிற்சியில் நடித்துப் பழக வேண்டியவை. வெட்கப்பட்டாலும் இரண்டாம் முறை எல்லோரும் செய்துவிடுகிறார்கள்.

பணிக்குறிப்பேடு பற்றி ஒரு சொல். ஆள் எண்ணிக்கை, வந்த பொருள், வானிலை, செய்த அளவு, நின்றுபோன நேரமும் காரணமும், வாய்மொழியாக வந்த மாற்றங்கள் ஆகியவை அன்றன்றே பதிவாக வேண்டும். "இந்தச் சுவரை அரை மீட்டர் தள்ளுங்கள்" என்று உரிமையாளர் நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போவார். அன்று மாலைக்குள் எழுத்தில் உறுதி கேட்காவிட்டால், கடைசி பில்லில் அது தகராறாக வரும். பழி சூப்பர்வைசர் மேல் விழும். செயலியில் பதிவதா நோட்டில் எழுதுவதா என்பது இரண்டாம்பட்சம்.

பாதுகாப்பைத் தனி வகுப்பாக ஒதுக்குவதை நாங்கள் ஏற்பதில்லை. அது ஏழு கட்டங்களில் "இடம்" என்ற கட்டத்துக்குள்ளேயே வர வேண்டும்: பாதுகாப்பாக நிற்க இடமில்லை என்றால் வேலை தயாராகவில்லை. ஒன்றரை மீட்டர் ஆழக் குழியில் பக்கவாட்டுத் தாங்கல் இல்லாமல் ஆளை இறக்கினால், சரியும் ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை இருக்கும். தோண்டிய மண்ணைக் குழி விளிம்பிலேயே குவிப்பது அந்தச் சரிவை விரைவுபடுத்தும். குறைந்தது 60 செ.மீ. தள்ளிக் கொட்ட வேண்டும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1988-ஆம் ஆண்டின் 167-ஆம் உடன்படிக்கை, உடனடி ஆபத்து இருந்தால் வேலையை நிறுத்தி ஆட்களை வெளியேற்றுவதை முதலாளியின் கடமையாகவும், ஆபத்திலிருந்து விலகுவதைத் தொழிலாளியின் உரிமையாகவும் சொல்கிறது. சைட்டில் அந்தக் கடமையை நிறைவேற்ற வேண்டியவர் சூப்பர்வைசர். வேலையை நிறுத்தியதற்காக ஒருமுறை அவர் கடிந்துகொள்ளப்பட்டால் போதும், மறுமுறை நிறுத்த மாட்டார்.

பயிற்சியை எப்படி நடத்துவது? தொடர்ந்து இரண்டு நாள் உட்காரவைப்பதை விட்டு, வாரம் இரண்டு மணி நேரம், பத்து வாரம், பத்துப் பேருக்கு மிகாமல். இடம் சைட் அலுவலகமே. முதல் அமர்வில் சதவீதக் கணக்கும் கன அளவும் வரைபட அளவுகோலும் எத்தனை பேருக்குத் தடையில்லாமல் வருகிறது என்று பார்க்க வேண்டும். வராதவர்களுக்குத் தனியே இரண்டு அமர்வு, கூச்சப்படுத்தாமல். ஒவ்வொரு வாரமும் தங்கள் சைட்டின் உண்மையான வாரத்திட்டத்தோடு வர வேண்டும். பயிற்றுநர் மாதம் இருமுறையாவது அவர்களுடைய வாரக் கூட்டத்தில் பின்வரிசையில் அமர்ந்து பார்த்து, கூட்டம் முடிந்தபின் தனியே கருத்துச் சொல்ல வேண்டும். திட்ட மேலாளரும் முதல் இரண்டு அமர்வுகளுக்கு வந்தாக வேண்டும். அவர் வராத இடங்களில், சூப்பர்வைசர் கஷ்டப்பட்டுத் தயாரித்த வாரத்திட்டத்தை ஒரே தொலைபேசி அழைப்பில் கலைத்துவிடுகிறார்கள். அதன்பின் அந்தத் தாளை யாரும் மதிப்பதில்லை.

சான்றிதழை பத்தாம் வாரம் கொடுக்க வேண்டாம். பயிற்சிக்கு முன் நான்கு வாரமும், முடிந்து மூன்று மாதம் கழித்து நான்கு வாரமும் சொன்னபடி முடிந்த வேலைகளின் சதவீதம், உடைத்துச் செய்த வேலையின் மணி நேரம், தடை எழுதிய தேதிக்கும் நீங்கிய தேதிக்கும் இடைப்பட்ட நாட்கள் ஆகிய மூன்றை ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றிலும் அசைவில்லை என்றால் குறை பயிற்சியிலோ மேலாளரிடமோ இருக்கிறது; சூப்பர்வைசரைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

செலவு யாருடையது என்பதில்தான் எல்லா முயற்சியும் நின்றுபோகிறது. "பயிற்சி கொடுத்தால் அடுத்த நிறுவனத்துக்குப் போய்விடுவார்" என்கிறார்கள் ஒப்பந்ததாரர்கள். விலைப்புள்ளியில் பயிற்சிக்கு இடமே இல்லாததால், நேர்மையாகச் செலவழிப்பவர் தோற்பதும் உண்மை. எனவே பணி கொடுக்கும் அரசுத் துறைகளுக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் எங்கள் கோரிக்கை: சூப்பர்வைசர் பயிற்சி மணி நேரத்தை ஒப்பந்தப்புள்ளியில் தனி இனமாக, எல்லோருக்கும் ஒரே தொகையாக வையுங்கள்; வாரத்திட்டத் தாள்களைப் பார்த்த பிறகே அந்தத் தொகையை விடுவியுங்கள். ஒரு சூப்பர்வைசரின் கீழ் ஒரே நேரத்தில் எத்தனை குழுக்கள் வரை இருக்கலாம் என்ற உச்சவரம்பையும் அதே ஆவணத்தில் எழுதுங்கள். எட்டுக் குழுக்களை ஒருவர் தலையில் கட்டிவிட்டால், எவ்வளவு பயிற்சி பெற்றவராலும் எதையும் போய்ப் பார்க்க முடியாது.

இப்படிக்கு,
கட்டுமான மேற்பார்வையாளர் பயிற்றுநர்கள்